இரண்டு சாய்கோட்டுக்குப் பின்னால்

பதினோரு வருட உழைப்புக்கும் பாதிக் கடைக்கும் சேர்த்துத் தம்பி போட்ட விலை முப்பத்தெட்டாயிரம். பழுப்பு உறையில் வைத்து, ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுத்தான். கொடுத்த கையோடு ரப்பர் பேண்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டான். கடையில் அதற்கு எப்போதும் தட்டுப்பாடு.

இது போன வெள்ளிக்கிழமை நடந்தது. உறையோடு ஒரு விடுதலைப் பத்திரமும் வந்தது. கடையில் தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, தன் பங்கை முழு மனதோடு தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக அவனுடைய அக்கா, வீட்டில் பெரியவள், அதில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார் பத்திரம் எழுதுகிறவர்.

அப்பா போய் நான்கு மாதம் ஆகிறது. உயில் எழுதி வைக்கவில்லை. அம்மா முன்பே போய்விட்டதால் சட்டப்படி ஆளுக்குப் பாதி என்பது பெரியவளுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகப் பேசியது தம்பியிடம். கடை உனக்கு, அக்காவைப் பார்த்துக்கொள் என்று அப்பா சொன்னதாக அவன் சொன்னான். சட்டத்தை ஒரு தட்டிலும் அப்பாவின் சொல்லை இன்னொரு தட்டிலும் வைத்தால் அந்தக் குடும்பத்தில் எந்தத் தட்டு இறங்கும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பெரியவள் உறையை மேசை டிராயரில் போட்டாள். சரி என்றாள்.

இன்று அந்தத் திங்கட்கிழமை.

காலை எட்டரைக்கு அவள் கடைக்குள் நுழைந்தபோது தம்பி புதுச் சட்டை போட்டிருந்தான். கதவுச் சாமான் கடை அது. பூட்டு, கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, கதவு தானாகச் சாத்திக்கொள்ள மேலே மாட்டுகிற கை, எல்லாம் உண்டு. கவுண்டர் தம்பியுடையது. கீல் அலமாரிக்குப் பின்னால், ஜன்னலோரம் இருக்கிற மேசையும் கம்ப்யூட்டரும் பெரியவளுடையவை. முப்பத்தைந்து வயதில் கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவளுக்கு அப்பா காட்டிய இடம் அது. "சும்மா உக்காந்திருக்காதே, எதையாவது எழுது" என்றார். எழுதினாள்.

அவள் எழுதியதுதான் கடையின் வெப்சைட். அதில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. ஒரு சாமானுக்கு ஒரு எழுத்துக் கோப்பு. அலங்காரம் இல்லாத வெறும் எழுத்து. முதல் வரியில் பெயர், இரண்டாவதில் அளவு, மூன்றாவதில் படம் இருக்கிற இடம், அப்புறம் நான்கு வரி விவரம். மாலையில் ஒரு சின்ன நிரலை ஓடவிடுவாள். அது கோப்புகளை வரிசையாகப் படித்துப் பக்கங்களாக மாற்றி வைக்கும். அவற்றை ஏற்றிவிட்டால் உலகம் பார்க்கலாம். விலை மட்டும் இருக்காது. 'விலைக்கு அழைக்கவும்' என்றுதான் இருக்கும். அழைத்தவனிடம்தானே பேரம் பேச முடியும்.

அந்தக் கோப்புகளில் உலகம் பார்க்காத வரிகளும் இருந்தன. வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டுவிட்டால் நிரல் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். அப்பாவுக்கு இது தெரிந்த நாளிலிருந்து நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சாமானுக்கும் சொல்ல ஆரம்பித்தார். அடக்க விலை எவ்வளவு, யாருக்கு எதுவரை இறங்கலாம், யார் நம்பத் தகுந்தவர், யார் இல்லை. வாயால் பேசியதை அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். யார் சொன்னது, என்ன சொன்னது, கூட யார் இருந்தது. மூன்றும் இல்லாவிட்டால் பேசியதே கணக்கில் இல்லை என்பார். பிள்ளைகள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே கை அப்படித்தான் பழகியிருந்தது.

பூட்டு விற்கிற குடும்பம் தன் ரகசியங்களுக்குப் போட்ட பூட்டு, இரண்டு சாய்கோடு.

பெரியவள் கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன் தம்பி வந்து நின்றான். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்தான். கோபப்படுகிற விஷயம்தான் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை அவள் இல்லாத நேரத்தில் வெப்சைட் கம்பெனிக்காரரை வரவழைத்திருக்கிறான். அவளுடைய ஃபோல்டரை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறான். கீபோர்டுக்கு அடியில் அவள் ஒட்டி வைத்திருந்த பாஸ்வேர்டையும் கொடுத்திருக்கிறான். புது வெப்சைட் இன்று காலை எட்டு மணிக்கே வெளியாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் அறுநூறு பேருக்கும், எங்கள் புதிய தளத்தைப் பாருங்கள், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று செய்தியும் போயாகிவிட்டது.

"இனிமே நீ கண்ணைக் கெடுத்துக்க வேணாம்க்கா. எல்லாம் தானாவே நடக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா நீ விட்டிருப்பியா?"

அது நியாயமான கேள்வி. சாயங்காலம் கையெழுத்துப் போடப் போகிறவளிடம் காலையிலேயே நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டான், அவ்வளவுதான். ஒன்பது மணி நேரம் பொறுக்க முடியாதவனிடம் என்ன பேசுவது.

முதல் போன் ஒன்பது பத்துக்கு வந்தது. ஊரில் பாதிக் கட்டடங்களுக்குக் கதவு மாட்டுகிற கான்ட்ராக்டர். வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

"நான் முதல்ல கத்துவேனாமே?" என்றார் கான்ட்ராக்டர். குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "அப்புறம் டீ கேப்பேனாமே. டீயில சர்க்கரை தூக்கலா போட்டா சொன்ன விலைக்கு ஒத்துக்குவேனாமே. இதைக் கீலு படத்துக்குக் கீழேயே போட்டிருக்கீங்களே, எம் பொண்டாட்டி படிச்சுட்டு சிரிக்கிறா."

தம்பிக்குப் புரியவில்லை. பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் போனில் புது வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். படங்கள் பெரிது பெரிதாக, பளபளவென்று இருந்தன. விவரம் இருந்தது. விவரத்துக்குக் கீழே, அதே எழுத்தில், அதே அளவில், பதினோரு வருடமாக அப்பா அவள் காதில் சொன்னதெல்லாம் இருந்தது. புதுக் கம்பெனியின் இயந்திரத்துக்கு இரண்டு சாய்கோடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை. கொடுத்ததை எல்லாம் மரியாதையாகப் பக்கத்தில் ஏற்றிவிட்டது.

அடுத்த ஒரு மணி நேரத்தில் போன் வைத்த இடத்தில் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சாமான் எடுக்கிற அதிகாரி, 'இவருக்குத் தனியாக ஒன்று கொடுக்க வேண்டும், அதையும் விலையில் சேர்க்கவும்' என்ற வரியை யார் எழுதியது என்று கேட்டார். இந்தக் குறிப்பு பொய் என்று அவர் சொல்லவில்லை, அதை இறக்குங்கள் என்றுதான் சொன்னார். எட்டு வருடமாக நூறு கைப்பிடி எடுத்த மரக்கடைக்காரர், இருபது கைப்பிடி எடுத்தவருக்குத் தன்னைவிடக் குறைந்த விலை போயிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். இதே சாமான் விற்கிற எதிர்க் கடைக்காரர் மட்டும் கூப்பிடவே இல்லை. உட்கார்ந்து நிதானமாகப் படித்துக்கொண்டிருப்பார்.

மதியம் இரண்டு மணிக்குத்தான் தம்பிக்குக் கம்பெனிக்காரர் போனில் கிடைத்தார். தங்கள் சிஸ்டத்தில் ஒரு தப்பும் இல்லை, கொடுத்த விவரத்தை ஒன்று விடாமல் ஏற்றியிருக்கிறோம் என்றார் அவர். மாற்ற வேண்டுமானால் கோரிக்கை எழுதிப் போடுங்கள், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பார்ப்போம் என்றார். தம்பி போனை வைத்தான். சட்டையின் அக்குள் இரண்டும் நனைந்திருந்தன.

கீல் அலமாரியைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"அக்கா, பழையதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?"

முடியும். பழைய பக்கங்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. சனிக்கிழமை செய்ததெல்லாம் வெப்சைட்டின் முகவரிப் பெயரை அவிழ்த்துப் புது இடத்தின் மேல் மாட்டியது மட்டும்தான். அதைத் திருப்பி மாட்டினால் போதும். பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உலகம் பழைய பக்கங்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். அவள் அப்படியே சொன்னாள்.

"அப்ப உடனே பண்ணிடு. எதையும் நோண்டிட்டு இருக்காத."

கடைசி வாக்கியம் தேவையில்லாதது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவளுக்குத் தேவையில்லாமல் வருகிற வாக்கியம் காதில் தனியாகக் கேட்கும். உடையுமா என்று கேட்காதவனிடம் இது உடையாது என்று எவனாவது சொன்னால் அது ஏற்கனவே உடைந்தது.

தம்பி கவுண்டருக்குப் போனான். கான்ட்ராக்டரே நேரில் வந்துவிட்டார். அவருக்கு டீ சொல்லலாமா கூடாதா என்று கடை ஆட்கள் இருவரும் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவள் பெயரைத் திருப்பி மாட்டுவதற்கு முன் புது வெப்சைட்டில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள். பழக்கம்தான். சரக்கு வந்தாலும் போனாலும் எண்ணிப் பார்க்கிற கை. அவளுடைய தளத்தில் இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள். புதியதில் இருநூற்று முப்பத்தொன்று.

பதினேழு கூடுதல்.

கொஞ்ச நேரம் யோசித்ததும் பிடிபட்டது. தயாரிப்பு நின்றுபோன சாமான்கள். அவற்றின் கோப்புகளை அவள் அழிப்பதில்லை. தலைப்பில் 'வெளியிடாதே' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவாள். அவளுடைய நிரல் அந்தக் கோப்புகளைத் தொடாது. அவளும் வருடக்கணக்கில் தொடுவதில்லை. புது இயந்திரம் அந்தச் சொல்லையும் மதிக்கவில்லை.

பதினேழையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் பத்தில் ஒன்றுமில்லை. பழைய அடக்க விலை, செத்துப்போன வாடிக்கையாளர்களின் குணம். பதினோராவது ஒரு பித்தளைக் கொக்கி. ஆறு வருடத்துக்கு முன் நின்றுபோனது. பக்கத்தின் அடியில் அவள் எழுதாத மூன்று வரிகள் இருந்தன.

// வியாழன் காலை. அப்பா சொன்னது: கடையில் பாதி பெரியவளுக்கு. அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை, பாவம்.

// நான் தலையாட்டினேன். வாயால் எதுவும் சொல்லவில்லை.

// கூட இருந்தது: யாரும் இல்லை.

தன் ஃபோல்டரில் அந்தக் கோப்பின் கடைசித் திருத்தத் தேதியைப் பார்த்தாள். நான்கு மாதத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு பத்து. அந்த வியாழன் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏழு மணிக்குத் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாய், போய்க் குளித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தான். எவ்வளவு பாசம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து கண் கலங்கியதுகூட நினைவிருந்தது. ஒன்பதரைக்குத் திரும்பியபோது அப்பாவுக்கு முகத்தில் குழாய் மாட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் பேச்சு இல்லை.

ஆக, தம்பி அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டு நேராகக் கடைக்கு வந்து, பூட்டைத் திறந்து, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் திறக்காத கோப்பாகத் தேடிப் பிடித்து, அன்றைக்கே எழுதிவிட்டிருக்கிறான். யார் சொன்னது, என்ன சொன்னது, கூட யார் இருந்தது. மூன்றும் சரியாக இருந்தன. ஏமாற்றுவது என்று முடிவு செய்தபோதும் கை பழக்கத்தை விடவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். பாவம். பதினோரு வருடம், ஆயிரத்துச் சொச்சம் குறிப்பு, அவர் சொல்லச் சொல்ல எழுதிய விரல். பாதிக் கடை கொடுக்க நினைத்த மனிதர் அதையெல்லாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. போக்கிடம் இல்லாதவள் என்பதற்காகக் கொடுத்திருக்கிறார். தம்பி மறைத்தது அவளுடைய பங்கை. மறைத்த இடத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது தருமம்.

அப்போதுதான் பல் டாக்டர் வந்தாள்.

தம்பியின் மனைவியை வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளைக் கோட்டோடு, முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்க, பேஷண்டை நாற்காலியில் வாய் திறக்க வைத்துவிட்டு வந்தவள் மாதிரி வந்தாள். கிட்டத்தட்ட அதுதான் நடந்திருந்தது. காத்திருந்த ஒரு பேஷண்ட் போனில் படித்துக் காட்டியிருக்கிறார். 'கிளினிக் கதவுக்கு மருமகளிடம் அடக்க விலை. நன்றி எதிர்பார்க்க வேண்டாம்.'

இதை நீங்கதான் எழுதினீங்களா என்று கேட்டாள். அப்பா சொன்னார், எழுதினேன் என்றாள் பெரியவள். நான் நன்றி சொன்னேனே என்றாள் பல் டாக்டர். இருக்கலாம், அவர் எதிர்பார்க்காததால் கவனித்திருக்க மாட்டார் என்றாள் பெரியவள்.

அப்புறம் திரையைக் கொஞ்சம் திருப்பிவைத்தாள். மூன்று வரிதான். படிக்க எவ்வளவு நேரம் ஆகும். பல் டாக்டர் அதைவிட அதிக நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள்.

பெரியவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு தடவை மாடிப்படி வரைக்கும் வந்தேன். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. திரும்பிப் போயிட்டேன்."

"ரெண்டு தடவை வந்திருக்கியே," என்றாள் பெரியவள். "அவன் ஒரு தடவைகூட வரல."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று பல் டாக்டருக்குத் தெரியவில்லை. பெரியவளுக்கும் தெரியாது.

கான்ட்ராக்டரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் தம்பி உள்ளே வந்தான். மனைவி நிற்பதைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். முகம் சுண்டிப்போனது. ஆனால் தொழில்காரன். ஒரு மூச்சில் சுதாரித்துக்கொண்டான்.

"அன்னைக்கு மருந்து மயக்கத்துல ஏதோ சொன்னாருக்கா."

"மயக்கத்துல சொன்னதுக்கா தேதி போட்டு எழுதின?"

"எழுதாம இருக்க முடியல." அவன் கீல் அலமாரியின் ஒரு டப்பாவை நேராக்கி வைத்தான். "தினமும் அழிக்கணும்னு நெனப்பேன். சனிக்கிழமை அவசரத்துல விட்டுப்போச்சு. மத்த நாள்ல நீ அந்த சேரை விட்டு எழுந்தாத்தானே?"

இது அவளுக்குச் சிரிப்பை வரவழைத்திருக்க வேண்டும். பத்து நாள் முன்பு என்றால் வந்திருக்கும்.

அப்புறம் அவன் தன் பக்கத்தைச் சொன்னான். அவனுக்கும் பக்கம் இருந்தது. பதினேழு வயதில் படிப்பை நிறுத்திக் கவுண்டரில் நின்றவன். இருபத்திரண்டு வருடமாக நிற்கிறான். கால் நரம்பு சுருண்டு முடிச்சு முடிச்சாக இருக்கிறது. அவள் கல்லூரிக்குப் போனாள், கல்யாணம் செய்தாள், அது சரிவராமல் திரும்பி வந்தாள், வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து வேலை செய்தவளுக்கும் நின்று வேலை செய்தவனுக்கும் அப்பா சரிபாதி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை எப்படித் தாங்குவது என்று கேட்டான். பொய்யாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி நான்கு மாதமாக அவனுக்குள் புளித்துக் கிடந்தது.

"இதை அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள் பெரியவள்.

அவன் தொகையை உயர்த்தினான். எழுபதாயிரம். அப்புறம், வெப்சைட்டை நீயே பார்த்துக்கொள் என்றான். அப்புறம், மாடி அறையை உன் பேருக்கே எழுதித் தருகிறேன் என்றான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்றரை.

பெரியவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒண்ணும் வேணாம். உறையும் வேணாம். அப்பா என்ன சொன்னாருன்னு உன் வாயால ஒரு தடவை சொல்லு. இங்க நின்னு, இவ முன்னாடி. சொன்னா ஐஞ்சு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

பாதிக் கடைக்கு ஒரு வாக்கியம். அவனுடைய இருபத்திரண்டு வருட வியாபாரத்தில் அவ்வளவு மலிவாக ஒரு சரக்கு வந்ததில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தால் போட்டிருப்பாள். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த நாள் முழுக்க அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பல் டாக்டர் கணவனைப் பார்த்தாள். சொல்லேன் என்பது போலத்தான் பார்த்தாள்.

அவன் பேரம் பேசினான்.

"வண்டியில போறப்ப சொல்றேன்க்கா. இங்க ஆளுங்க இருக்காங்க."

"இங்கதான்."

"அதான் எழுதியிருக்கேன்ல. நீயும் படிச்சுட்டல்ல. அதை ஏன் வாயால வேற சொல்லணும்?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அந்த மௌனத்தை இறங்கிவருகிறாள் என்று படித்தான். எதிராளி பேச்சை நிறுத்தினால் விலை படிந்துவிட்டது என்று கவுண்டரில் கற்றவன். முதலில் சைட்டைச் சரிபண்ணு, நாலேமுக்காலுக்கு வா, நான் முன்னால் போய் இடம் பிடிக்கிறேன், அங்கே வரிசை நீளமாக இருக்கும் என்றான். மனைவியைக் கிளினிக்கில் விட்டுவிடுகிறேன் என்றான். போகும்போது, அந்தக் கொக்கி ஃபைலை அழித்துவிடு என்று சாதாரணமாக, பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்வது மாதிரி சொன்னான்.

பல் டாக்டர் அவன் பின்னால் நான்கடி போனாள். பிறகு எனக்குப் பக்கத்தில் வேலை இருக்கிறது, நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டுத் தனியாக எதிர்ப்பக்கம் நடந்தாள். ஜன்னல் வழியாகப் பெரியவள் பார்த்தாள். தெருமுனை வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடை ஆட்கள் இருவரும் டீ குடிக்கப் போனார்கள். கடையில் பெரியவளும் இருநூறுக்கு மேற்பட்ட பூட்டுகளும்தான்.

அவள் வேலையை ஆரம்பித்தாள். முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். பழைய கோப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். பித்தளைக் கொக்கியின் கோப்பைத் திறந்து தலைப்பிலிருந்த 'வெளியிடாதே' வரியை எடுத்தாள். அடியில் இருந்த மூன்று வரிகளின் முன்னாலிருந்த சாய்கோடுகளை எடுத்தாள். ஆறு கோடுகள். பேக்ஸ்பேஸ் விசையை ஆறு தடவை தட்ட வேண்டியிருந்தது.

கை 'பாவம்' என்ற சொல்லின் மேல் வந்து நின்றது.

போக்கிடம் இல்லை, பாவம் என்கிற அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம். ஐந்து சொல். எடுத்தால், கடையில் பாதி பெரியவளுக்கு என்று கம்பீரமாக நிற்கும் வரி. கான்ட்ராக்டர் படிப்பார், மரக்கடைக்காரர் படிப்பார், எதிர்க் கடைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். உழைத்தவளுக்கு அப்பன் கொடுத்தான் என்று நினைப்பார்கள். எடுக்காவிட்டால் பாவப்பட்டவளுக்குப் போட்ட பங்கு என்று அறுநூறு பேருக்கும் தெரியும். புதுத் தளத்தில் ஆறு வருடத்துக்கு முன் நின்றுபோன கொக்கியைத் தேடிப்போய் யாரும் படித்திருக்க மாட்டார்கள். மாற்றினால் கேட்பாரும் இல்லை. தம்பியும் கேட்க முடியாது, கேட்டால் மீதியை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வரியை மாற்றினால் தம்பி மறைத்ததற்கும் அவள் திருத்தியதற்கும் அளவில் மட்டும்தான் வித்தியாசம். கையை எடுத்துக்கொண்டாள். நிரலை ஓடவிட்டாள். இருநூற்றுப் பதினைந்து பக்கங்கள் என்று அது சொன்னது. ஏற்றினாள். பெயரைத் திருப்பி மாட்டினாள்.

நாலு ஐம்பதுக்குப் பழைய முகப்பு வந்துவிட்டது. பளபளப்பு இல்லை, பெரிய படம் இல்லை, அடக்க விலை இல்லை. கான்ட்ராக்டரின் சர்க்கரையும் பல் டாக்டரின் நன்றியும் மறுபடி உள்ளே போய்விட்டன. காலையில் தம்பியே அறுநூறு பேரைக் கூப்பிட்டு வைத்திருந்ததால் கூட்டம் இன்னும் குறையவில்லை. 'புதிதாகச் சேர்த்தது' என்ற இடத்தில், அவள் தளம் எப்போதும் செய்வது போல, கடைசியாக வெளிவந்த சாமானைத் தானாகக் காட்டிக்கொண்டிருந்தது. பித்தளைக் கொக்கி, மூன்று அங்குலம்.

ஐந்து மணிக்குத் தம்பி போன் செய்தான். எடுக்கவில்லை. ஐந்து ஏழுக்கு மறுபடி. ஐந்து பத்துக்குப் பல் டாக்டரிடமிருந்து வந்தது. அதையும் எடுக்கவில்லை. ஐந்து பன்னிரண்டுக்கு எதிர்க் கடைக்காரர், பதினோரு வருடத்தில் முதல் முறையாக, தெருவைத் தாண்டி இந்தக் கடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். கையில் போன். போனையே பார்த்தபடி நடந்தார்.

தளத்தில் என்ன செய்தாலும் அன்றன்றைக்குக் குறித்து வைக்க 'மாற்றங்கள்' என்று அவளிடம் ஒரு கோப்பு உண்டு. அவர் படியேறுவதற்குள் அதைத் திறந்து எழுதி முடித்தாள்.

திங்கள்.
மீண்டும் ஏற்றிய பக்கங்கள்: 214
புதிதாக ஏற்றியது: 1
மீண்டும் மறைத்த வரிகள்: 1,163
திறந்து விட்டவை: 3
அழித்த சொற்கள்: 0
கையெழுத்து: பாக்கி